பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

மருத்துவர் ஒருவரின் வீட்டு வாசலில் தொங்கும் பலகையில் எம்.பி.பி.எஸ். என்ற எழுத்துகளைக் கண்டால், அவற்றின் பொருளை நாம் எவரிடமும் கேட்பதில்லை. எம்.டி. என்றிருந்தால் மேற்படிப்புப் படித்தவர் என்று அறிகிறோம். வழக்கறிஞரின் பலகையில் பி.எல். என்றிருந்தால் அதுவும் நமக்கு விளங்கும். ஆனால் நம் வாழ்நாள் உழைப்பின் பயனாகிய பணத்தை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்று அறிவுரை கூற வருகின்றவர் நீட்டும் முகவரி அட்டையில் உள்ள எழுத்துகளைப் பற்றி நாம் என்ன அறிவோம்? அட்டை பளபளப்பாக இருக்கிறது. வந்தவர் பணிவாகப் பேசுகிறார். தெரிந்தவர் ஒருவர் அழைத்து வந்திருக்கிறார். நம்மில் பெரும்பாலோர்க்கு இவையே போதுமான சான்றுகளாகி விடுகின்றன.

நாங்கள் இருவரும் அரசு உதவி பெறும் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியப் பணி ஆற்றியவர்கள். ஓராண்டு இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக ஓய்வு பெற்றோம். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, ஈட்டிய விடுப்புக்கான தொகை என்று அதுவரை ஒருசேரக் கண்டிராத பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. பணம் வந்த செய்தி எப்படித்தான் பரவியதோ, அந்த மாதத்திலேயே நான்கு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் எங்களிடம் படித்த மாணவர். ஒருவர் வங்கியிலிருந்து வந்த இளைஞர். மற்ற இருவர் அண்டை வீட்டாரின் நண்பர்கள். "சார், டீச்சர்" என்று அன்போடு அழைத்துப் பேசினார்கள். நான்கு அட்டைகளிலும் நான்கு விதமான பட்டங்கள். ஒருவர் செல்வ மேலாளர்; ஒருவர் நிதித் திட்டமிடுநர்; ஒருவர் முதுநிலை உறவு மேலாளர்; மாணவர் மட்டும் காப்பீட்டு முகவர் என்று உள்ளபடியே அச்சிட்டிருந்தார்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு விடைத்தாளைத் திருத்தாமல் மதிப்பெண் இடும் வழக்கம் இல்லை. ஆதலால் அவ்வட்டைகளை மேசைமீது வரிசையாக வைத்து, ஒவ்வோர் எழுத்தும் எதைக் குறிக்கிறது, அதனை வழங்கியவர் யார் என்று விசாரிக்கத் தொடங்கினோம். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கே நம் குடும்பங்களின் பயன் கருதி எழுதுகிறோம்.

ஓர் அட்டையில் காணப்படும் சொற்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று படிப்பு; மற்றொன்று உரிமம்; மூன்றாவது வெறும் பெயர். இம்மூன்றும் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்படுவதால் ஒன்றேபோல் தோன்றுகின்றன. உண்மையில் அவற்றுக்கிடையே பெரும் வேறுபாடு உண்டு.

முதலில் படிப்பைப் பார்ப்போம். சி.எஃப்.பி. என்பது சான்றளிக்கப்பட்ட நிதித் திட்டமிடுநர் என்பதைக் குறிக்கும். இச்சான்று முதன்முதலாக அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. இன்று நம் நாட்டிலும் தேர்வு எழுதிப் பெறத்தக்கது. ஒரு குடும்பத்தின் வரவு, செலவு, கடன், காப்பீடு, வரி, ஓய்வுக்காலத் தேவை ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்கித் திட்டமிடக் கற்பிக்கும் படிப்பு இது. சி.எஃப்.ஏ. என்பது முதலீடுகளை ஆராயும் வல்லுநர்க்குரியது. 1963 முதல் வழங்கப்பட்டு வருவது. மூன்று நிலைத் தேர்வுகளைக் கடந்தே பெறவேண்டியது. சி.ஏ. என்பது நாம் ஆடிட்டர் என்று அழைக்கும் பட்டயக் கணக்காளரைக் குறிக்கும். 1949ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நிறுவனம் அவர்களுக்குத் தேர்வு நடத்தி, உறுப்பினர் எண் வழங்கி, தவறிழைத்தால் நடவடிக்கையும் எடுக்கிறது. கணக்குத் தணிக்கையிலும் வரியிலும் அவர்கள் தேர்ந்தவர்கள்.

இவை யாவும் உழைத்துப் பெற்ற கல்வித் தகுதிகள், மதிக்கத்தக்கவை. எனினும் இவை ஒருவர் என்ன படித்திருக்கிறார் என்பதைச் சொல்லுமேயன்றி, நம்மிடம் எந்த நிலையில் வந்து அமர்ந்திருக்கிறார் என்பதைச் சொல்லமாட்டா. நிதித் திட்டமிடுதலைக் கற்றுத் தேறிய ஒருவர், ஒரு நிறுவனத்தின் திட்டங்களைக் கமிஷனுக்கு விற்பவராகவும் இருக்கலாம். அதில் சட்டத் தவறு ஏதுமில்லை. ஆனால் அறிவுரை கேட்கிறோம் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கும்போது, அங்கே நடப்பது விற்பனையாக இருக்கக்கூடும்.

இரண்டாவதாகிய உரிமம் இன்னும் முதன்மையானது. நம் நாட்டில் செபி எனப்படும் பங்குப் பரிவர்த்தனை வாரியம் 1988இல் அமைக்கப்பட்டு, 1992இல் சட்ட அதிகாரம் பெற்றது. அவ்வாரியம் 2013ஆம் ஆண்டில் முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று விதிகளை வகுத்தது. கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை கூறுகின்றவர், ஒருசில விலக்குகள் தவிர, அவ்வாரியத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்களது பதிவு எண் ஐ.என்.ஏ. என்னும் மூன்று எழுத்துகளோடு தொடங்கும். அவ்வாறு பதிவு பெற்றவர் தம்மை நாடி வருபவரின் நலனையே முன்வைத்து அறிவுரை கூறக் கடமைப்பட்டவர். எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியவர். நம்மால் எவ்வளவு இழப்பைத் தாங்க இயலும் என்பதை ஆராய்ந்த பின்னரே ஆலோசனை கூறவேண்டியவர். 2020ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, ஒரு குடும்பத்துக்கு ஆலோசனை கூறிக் கட்டணம் பெறுபவர் அதே குடும்பத்துக்குத் திட்டங்களை விற்றுக் கமிஷனும் பெறுதல் கூடாது.

பரஸ்பர நிதித் திட்டங்களை நமக்கு எடுத்துத் தருபவர் பெரும்பாலும் விநியோகஸ்தர் ஆவார். அவரும் தேர்வு எழுதியவரே, அவருக்கும் ஏ.ஆர்.என். என்னும் பதிவு எண் உண்டு. பரஸ்பர நிதி நிறுவனங்களின் கூட்டமைப்பு அதனை வழங்குகிறது. அவர் நம்மிடம் கட்டணம் கேட்பதில்லை. நிதி நிறுவனம் அவருக்குக் கமிஷன் கொடுக்கிறது. அக்கமிஷன் நம் முதலீட்டின் மதிப்பிலிருந்தே செல்கிறது என்பதைப் பலர் அறியார். 2013 ஜனவரி முதல், இடையில் எவருமின்றி நாமே நேரடியாகச் சேரும் டைரக்ட் திட்டமும், விநியோகஸ்தர் வழியாகச் சேரும் ரெகுலர் திட்டமும் தனித்தனியே நடைமுறையில் உள்ளன. இரண்டுக்கும் இடையே ஆண்டுச் செலவில் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். பத்து ஆண்டுகளில் ஒரு லட்சம். விவரம் அறிந்து, அவர் செய்யும் உதவிக்கு ஈடாக அதனைக் கொடுத்தால் அது நியாயமான கூலி. அறியாமல் கொடுத்தால், இலவசமாக உதவுகிறார் என்று எண்ணிக்கொண்டே கொடுத்தவராவோம். அதே 2020ஆம் ஆண்டின் திருத்தம், செபியிடம் ஆலோசகராகப் பதிவு பெறாத விநியோகஸ்தர் தம்மைச் செல்வ ஆலோசகர் போன்ற பெயர்களால் அழைத்துக்கொள்ளக் கூடாது என்றும் கூறுகிறது.

காப்பீட்டு முகவர்க்கு உரிய விதிகளைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கிறது. முகவர் என்ற சொல்லிலேயே அவர் நிலை அடங்கியிருக்கிறது: அவர் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் வருபவர். நம் ஊர்களில் சிலர், "முதல் தவணையில் ஒரு பகுதியை நானே கட்டிவிடுகிறேன்" என்று சொல்வதுண்டு. அது தாராள குணம் போல் தோன்றும். ஆனால் 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 41ஆம் பிரிவில், கமிஷனில் பங்கு தந்து பாலிசி எடுக்கத் தூண்டுவதைத் தடை செய்துள்ளது. சட்டத்தை மீறித்தான் நமக்கு நன்மை செய்ய இயலும் என்று ஒருவர் சொன்னால், அவர் வேறெதில் விதியைக் காப்பார் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையமும் தேசிய ஓய்வூதியத் திட்டம் பற்றி ஆலோசனை கூறுவோரைப் பதிவு செய்வதற்கு 2016இல் விதிகளை வெளியிட்டது. ஆகவே ஓய்வுக்கால ஆலோசகர் என்னும் பெயருக்கே நம் நாட்டில் ஒரு சட்டப் பொருள் உண்டு. ஆனால் அதே பெயரை, எப்பதிவும் இன்றி, அட்டையில் அச்சிட்டுக்கொண்டு வருவோரும் உண்டு. இதுவே நாம் மேலே சொன்ன மூன்றாவது வகை: வெறும் பெயர். முதுநிலை, சிறப்பு, மேலாளர், வல்லுநர் என்னும் சொற்களை அலுவலகங்கள் தம் ஊழியர்க்குத் தாமே சூட்டுகின்றன. இது நம் நாட்டின் சிக்கல் மட்டுமன்று. அமெரிக்காவில் முதியோர்க்கான நிதி வல்லுநர் என்று பொருள்படும் பட்டங்கள் 50க்கும் மேற்பட்டவை வழங்குவதாக அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம் 2013இல் அறிக்கை தந்தது. அவற்றுள் சில நீண்ட படிப்பின் பயன். சில மிகக் குறுகிய பயிற்சியில் கிடைப்பவை. அதற்கு முன்னரே, 2008இல், அங்குள்ள மாநில அதிகாரிகளின் சங்கம் முதியோரை மயக்கும் பட்டங்களைத் தடுக்க மாதிரி விதி ஒன்றை வகுத்தது.

இவ்வளவையும் எங்கள் பொருட்டே நாங்கள் கற்றோம். ஆனால் இக்கல்வி உண்மையில் பயன்பட்டது எங்கள் அக்காளின் வீட்டில்.

எங்களில் ஒருவரின் மூத்த சகோதரி அவர். கணவர் தனியார் ஆலையில் பணிபுரிந்து காலமானார். அக்காளுக்கு வயது 61. மாதந்தோறும் வருகின்ற குடும்ப ஓய்வூதியம் மளிகைக் கடனுக்கே போதாது. கணவரின் சேமநிதியும் காப்பீட்டுத் தொகையுமாகக் கைக்கு வந்தது 18 லட்சம் ரூபாய். இளைய மகள் செவிலியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டாண்டுக் கட்டணம் கட்டவேண்டும். அக்காளுக்கு அப்பணமே கணவர், அதுவே மகன், அதுவே முதுமைக்கு ஊன்றுகோல்.

ஒருநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். "மருமகன் நாளைக்கு ஒருவரைக் கூட்டிவருகிறார். பணத்தை எதில் போடுவதென்று சொல்லுவாராம். நீங்களும் வந்து உட்காருங்கள், தம்பி. எனக்கு ஒன்றும் விளங்காது. வேண்டாமென்று நான் சொன்னால் மூத்தவள் வீட்டில் மனக்கசப்பு வந்துவிடும்" என்றார். அவர் அஞ்சியது பணத்தைப் பற்றி மட்டுமன்று என்பது எங்களுக்குப் புரிந்தது.

வந்தவர் நல்ல இளைஞர். அட்டையில் ஓய்வுக்கால ஆலோசகர் என்றிருந்தது. ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் ஐந்து ஆண்டுகள் கட்டினால், பத்தாம் ஆண்டுக்குப்பின் ஆண்டுதோறும் தொகை வரும் என்று அழகிய வண்ணப் படங்களைக் காட்டி விளக்கினார். காப்பி கொடுத்து உபசரித்தபின் நாங்கள் மெதுவாக நான்கு கேள்விகளைக் கேட்டோம். உங்கள் பதிவு எண் என்ன? அதனை வழங்கிய அமைப்பு எது? எங்கள் அக்காள் இதில் சேர்ந்தால் உங்களுக்கு ஊதியம் தருபவர் யார்? இதுவே இவருக்கு ஏற்றது என்பதை எழுதிக் கையொப்பம் இட்டுத் தர இயலுமா?

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. "சின்ன மாமா, வீட்டுக்கு வந்தவரை இப்படியா கேட்பது?" என்றார். ஆனால் அந்த இளைஞர் சினங்கொள்ளவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அம்மா, நான் காப்பீடு விற்பவன்தான். ஓய்வுக்கால ஆலோசகர் என்பது எங்கள் அலுவலகத்தில் வைத்த பெயர்" என்றார். பத்தாம் ஆண்டு வரையில் அக்காள் எதைக்கொண்டு அரிசி வாங்குவது, மகளின் கல்லூரிக் கட்டணம் எங்கிருந்து வரும் என்று கேட்டபோது, அதற்கு இத்திட்டம் ஏற்றதன்று என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவருடைய தொழில் விற்பது. எங்கள் தேவை அறிவுரை. இரண்டும் ஒன்றல்ல என்பதை அட்டையிலிருந்த பெயர் மறைத்துவிட்டது, கேள்வி வெளிப்படுத்தியது.

பின்னர் மாவட்டத் தலைநகரில் செபியிடம் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரை நாடினோம். அவரது எண்ணை வாரியத்தின் இணையதளத்தில் இளைய மகளே தேடிச் சரிபார்த்தாள். கட்டணம் 8,000 ரூபாய் என்றதும் அக்காள் திடுக்கிட்டார். "பேசுவதற்கா எட்டாயிரம்? அந்தப் பையன் ஒரு காசும் கேட்கவில்லையே!" என்றார். நம் மக்களின் மனநிலை இதுவே. நோய்க்கு மருந்து எழுதித் தருபவர்க்குக் கட்டணம் கொடுக்கிறோம். பத்திரம் எழுதுபவர்க்கும் கொடுக்கிறோம். பணத்தைப் பற்றிய அறிவுரை மட்டும் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இலவசமாகக் கிடைப்பதற்கு விலை கொடுப்பவர் வேறெவரோ இருப்பார். அவருக்கே அறிவுரை கூறுபவர் கடமைப்பட்டிருப்பார்.

அந்த ஆலோசகர் எதையும் விற்கவில்லை. 12 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இடச் சொன்னார். 60 வயது நிறைந்தவர்க்கு உரிய அத்திட்டத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வட்டி கிடைக்கும். 2023 ஏப்ரல் முதல் 30 லட்சம் வரை இடலாம். கல்லூரிக் கட்டணத்துக்கென 4 லட்சத்தை வங்கியில் குறுகிய கால வைப்பாகவும், மீதி 2 லட்சத்தை மருத்துவச் செலவு போன்ற அவசரத் தேவைக்குச் சேமிப்புக் கணக்கிலும் வைக்கச் சொன்னார். இது பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் அக்காளின் வீட்டுச் செலவை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்ட பின்னரே அவர் இதைச் சொன்னார். அதற்குத்தான் கட்டணம். மாப்பிள்ளை சில வாரங்கள் எங்களோடு அதிகம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே அழைத்து, தம் சீட்டுப் பணத்தை வாங்கிப் பரஸ்பர நிதியில் போட விரும்புவதாகவும், வருகிறவரின் ஏ.ஆர்.என். எண்ணை எங்கே சரிபார்ப்பது என்றும் கேட்டார். எங்களுக்கு மன நிறைவாயிற்று.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உரிமம் உள்ளவர் அனைவரும் உத்தமர் என்று நாங்கள் கூறவில்லை. பதிவு என்பது செயல்திறனுக்கோ இலாபத்துக்கோ உறுதிமொழி ஆகாது என்று வாரியமே ஆலோசகர்களைக்கொண்டு அச்சிடச் செய்கிறது. பதிவின் பயன் வேறு. குறை நேர்ந்தால் முறையிட ஓர் இடம் உண்டு. விசாரிக்க ஓர் அதிகாரி உண்டு. செபியின் கீழ் உள்ளவர்மீது முறையிட 2011 முதல் ஸ்கோர்ஸ் என்னும் ஏற்பாடு இயங்குகிறது. காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்தபின் மனம் மாறினால் திருப்பியளிக்கும் கால அளவு 2024 முதல் 30 நாள் ஆகியுள்ளது. பதிவே இல்லாதவரிடம் கொடுத்த பணத்துக்கு இத்தகைய காவல் ஏதுமில்லை.

இதனைத் தமிழகத்தார்க்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மிகை வட்டி தருவதாகக் கூறிய நிதி நிறுவனங்களில் பணத்தை இழந்தவர்கள் பெருகியதாலேயே 1997இல் இம்மாநிலம் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 2019இல் நடுவண் அரசும் ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இத்தகைய இழப்புகளில் பணம் பெரும்பாலும் அயலாரை நம்பிப் போவதில்லை. சொந்தக்காரர், ஒரே ஊரார், ஒரே பங்கைச் சேர்ந்தவர் என்னும் நம்பிக்கையே வாசலைத் திறந்துவிடுகிறது. ஞாயிறு தோறும் நம்மோடு கோயிலில் நிற்பவர் என்பது உறவு. அது தொழில் தகுதி அன்று. உறவை உறவாகவும் தகுதியைத் தகுதியாகவும் வைத்துப் பார்த்தால் இரண்டுமே நிலைக்கும். கேட்காமல் கொடுத்துப் பின்னர் பேச்சற்றுப் போன குடும்பங்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகவே ஓய்வு பெறும் நிலையில் உள்ளவர்களும், கணவரை இழந்து திடீரெனப் பெருந்தொகையைக் கையில் பெறும் பெண்களும் இதைச் செய்யுங்கள். அட்டையைக் கொடுப்பவரிடம், படித்தது என்ன, பதிவு எண் எது, ஊதியம் தருபவர் யார், எழுதித் தருவாரா என்று கேளுங்கள். விடைகளை அட்டையின் பின்புறத்திலேயே அவர் முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணை உரிய அமைப்பின் இணையதளத்தில் பிள்ளைகளைக்கொண்டு சரிபாருங்கள். அன்றைக்கே கையொப்பம் இடாமல் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். நேர்மையான தொழிலாளர் எவரும் இதனால் வருந்தமாட்டார். தம்மைச் சரியாகக் கேட்டார்கள் என்று மகிழ்வார். தனியே கேட்கக் கூச்சமாக இருந்தால் விவரம் அறிந்த ஒருவரை அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். விவரம் அறிந்தவர்களும், அழைப்பு வந்தால், தங்கள் வேலையைச் சற்றே ஒதுக்கிவிட்டுச் சென்று உட்காருங்கள். ஒரு மணி நேரம் அருகில் அமர்ந்திருப்பது ஒரு விதவையின் இருபதாண்டு உணவைக் காப்பாற்றக்கூடும்.